மண்டபமா, சூமா? தூரத்தில் இருந்து படித்தவர்களின் கதை

எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு ஒரு பிரச்சினை வந்திருக்கிறது. ஃபாரஸ்ட் கேட் ஸ்டேஷனில் இருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு சிறிய மண்டபத்தை வாடகைக்கு எடுத்துத்தான் இத்தனை வருடமும் நடத்தி வந்தோம். வருகிற செப்டம்பரில் இருந்து வாடகை கூடுகிறது. போன மாதம் நடந்த பெற்றோர் கூட்டத்தில் ஒரு அப்பா எழும்பி, "பேசாமல் எல்லாத்தையும் சூமிலேயே வைப்பமே? கொரோனாக் காலத்தில வைச்சனாங்கள்தானே" என்று கேட்டார். பின்னால் இருந்த ஒரு அம்மா உடனே, "சூம் எண்டால் என்ர மகன் கமராவை நிப்பாட்டிப்போட்டு கேம் விளையாடுவான்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். முடிவு ஒன்றும் எடுக்கவில்லை.

நான் அந்த மண்டபத்தில்தான் அ, ஆ படித்தேன். இப்போது அங்கேயே ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். "நீதானே பிள்ளை வரலாறு படிச்சனி, அடுத்த கூட்டத்துக்கு முதல் ஏதாவது எழுதிக்கொண்டு வா" என்று சொல்லிவிட்டார்கள். வரலாறு படித்தவளுக்கும் மண்டப வாடகைக்கும் என்ன சம்பந்தம் என்று முதலில் யோசித்தேன். பிறகு தேடத் தேட, இந்தக் கேள்வி எங்கள் ஆட்களுக்குப் புதிதே இல்லை என்று தெரிந்தது. ஆசிரியர் ஓரிடம், மாணவர் இன்னோரிடம் என்ற நிலையில் படித்த தமிழர்கள் நூறு வருடத்துக்கு முன்பே இருந்திருக்கிறார்கள். அவர்களுக்கு எது கைகொடுத்தது, எது கைவிட்டது என்று பார்த்தால் எங்கள் மண்டபத்துக்கும் ஒரு விடை கிடைக்கலாம்.

கதை இங்கிலாந்தில்தான் தொடங்குகிறது. 1840 ஜனவரி 10 முதல் இந்த நாட்டில் எங்கே கடிதம் போட்டாலும் ஒரு பென்னிதான் என்று ஆயிற்று. அந்த வருடமே ஐசக் பிட்மன் என்பவர் தபால் வழியாகச் சுருக்கெழுத்துப் படிப்பிக்கத் தொடங்கினார். மாணவர்கள் பைபிள் வசனங்களைச் சுருக்கெழுத்தில் எழுதி அனுப்புவார்கள். அவர் திருத்தித் திருப்பி அனுப்புவார். இந்த "திருத்தித் திருப்பி அனுப்புவார்" என்பதைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள். பாடத்தை அனுப்புவது பெரிய விசயம் இல்லை. புத்தகமும் அதைத்தானே செய்கிறது. உங்கள் பிழையைப் பார்த்து ஒருவர் பதில் எழுதுவதுதான் அதில் புதிது.

அடுத்தது லண்டன் பல்கலைக்கழகம். 1858இல் அது ஒரு பெரிய முடிவு எடுத்தது: இனி எங்கள் பட்டத்துக்கு எங்கள் கல்லூரிகளில் வந்து படிக்கத் தேவையில்லை, எங்கிருந்தாவது படியுங்கள், சோதனையில் தேறினால் பட்டம். 1865இல் முதல் முறையாக நாட்டுக்கு வெளியே, மொரீசியஸ் தீவில், அந்தச் சோதனை நடந்தது. வினாத்தாள் கப்பலில் போய், விடைத்தாள் கப்பலில் திரும்பி வந்தது.

இது இலங்கைத் தமிழருக்கு எவ்வளவு பெரிய கதவு என்பதை இன்று விளங்கிக்கொள்வது கஷ்டம். அதற்கு முன் பட்டம் வேண்டுமென்றால் கடல் கடக்க வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவரும், சி. வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும், வட்டுக்கோட்டைச் செமினரியில் படித்த யாழ்ப்பாணத்தவர்கள். ஆனால் பட்டம் சென்னையில்தான் இருந்தது. லண்டன் பல்கலைக்கழகமோ சோதனையை இலங்கைக்கே அனுப்பியது. 1921இல் கொழும்பில் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரி கூடத் தன் சொந்தப் பட்டத்தைக் கொடுக்கவில்லை. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் வரும்வரை அங்கே படித்தவர்கள் எழுதியது லண்டன் சோதனைதான்.

உங்கள் வீட்டில் பழைய நினைவு மலர்கள் இருந்தால் எடுத்துப் பாருங்கள். எங்கள் அம்மம்மாவின் அலுமாரியில் ஒரு கட்டு இருக்கிறது. தாத்தாமாரின் பெயருக்குப் பின்னால் "பி.ஏ. (லண்டன்)" என்று போட்டிருப்பார்கள். அவர்களில் பலர் லண்டனைக் கண்ணாலும் கண்டதில்லை. நாங்களோ ஃபாரஸ்ட் கேட்டில் எலிசபெத் லைனில் ஏறினால் அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் பகுதிக்குப் பக்கத்தில் இருபது நிமிடத்துக்குள் இறங்கிவிடுவோம். அந்த ரயிலில் போகும்போதெல்லாம் எனக்கு ஒரு மாதிரியாக இருக்கும்.

அப்படித் தூரத்தில் இருந்து படித்தவர்களில் எனக்கு மிகப் பிடித்தவர் காரைதீவு மயில்வாகனம். 1892இல் பிறந்தவர். பின்னாளில் துறவியாகி சுவாமி விபுலாநந்தர் ஆனவர். அவர் தூரத்துச் சோதனைகளைச் சேகரித்தவர் மாதிரி. 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் தேர்வில் தேறினார். 1920ஐ ஒட்டிய காலத்தில், யாழ்ப்பாணத்தில் விஞ்ஞான ஆசிரியராக வேலை செய்துகொண்டே லண்டன் பி.எஸ்சி.யும் எடுத்தார். ஒரு பக்கம் மதுரை, மறுபக்கம் லண்டன், நடுவில் பகலில் வகுப்பெடுக்கும் ஒரு இளைஞன். பிறகு 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியர் ஆனார்.

இதைப் படித்தவுடன் "பார்த்தீர்களா, மண்டபம் தேவையில்லை" என்று சொல்லத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் அவர் தனியாக ஒரு அறையில் இருந்து புத்தகத்தை மட்டும் பார்த்துப் படித்தவர் இல்லை. கொழும்பில் ஆசிரியப் பயிற்சியும் தொழில்நுட்பக் கல்லூரிப் படிப்பும் முடித்தவர். அங்கிருந்த தமிழறிஞர்களிடம் நேரே உட்கார்ந்து பழைய இலக்கியம் கற்றவர். சோதனைதான் தூரத்தில் இருந்து வந்தது. படிப்பித்தவர்கள் பக்கத்தில் இருந்தார்கள்.

பக்கத்தில் ஒருவரும் இல்லாதவனுக்கு என்ன நடக்கும் என்பதற்கும் ஒரு தமிழ்க் கதை இருக்கிறது. ராமானுஜனை உங்களுக்குத் தெரியும். படமும் பார்த்திருப்பீர்கள். ஆனால் அதை ஒரு தொலைதூரக் கல்விக் கதையாக நினைத்துப் பார்த்திருக்கிறீர்களா?

1913 ஜனவரி 16. சென்னைத் துறைமுகத்தில் வருடத்துக்கு 20 பவுண் சம்பளத்தில் வேலை செய்த ஒரு கணக்குப் பிரிவு எழுத்தர், கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டி என்ற கணித அறிஞருக்குக் கடிதம் எழுதுகிறார். பக்கம் பக்கமாகச் சூத்திரங்கள். நிறுவல் ஒன்றும் இல்லை. இதற்கு முன் வேறு இரண்டு கணித அறிஞர்களுக்கும் எழுதியிருந்தார். அவர்களிடமிருந்து உதவி கிடைக்கவில்லை. ஹார்டியும் அவர் நண்பர் லிட்டில்வூட்டும் மட்டும் உட்கார்ந்து படித்தார்கள். பெப்ரவரி 8 அன்று ஹார்டி பதில் எழுதினார்: நன்றாக இருக்கிறது, நிறுவல்களை அனுப்புங்கள். பெப்ரவரி 27 அன்று ராமானுஜன் மறுகடிதம் எழுதினார். அதில் இன்னும் சூத்திரங்கள் இருந்தன. நிறுவல் இல்லை.

கேம்பிரிட்ஜில் இருந்தவர்களுக்குச் சந்தேகம். ஏன் இவர் ஒளிக்கிறார்? தன் கண்டுபிடிப்பை நாங்கள் களவெடுத்துவிடுவோம் என்று பயப்படுகிறாரோ என்று லிட்டில்வூட்டுக்குத் தோன்றியது. ஹார்டி அதைக் கடிதத்திலும் எழுதிவிட்டார். ஏப்ரலில் ராமானுஜன் எழுதிய பதிலில் அது தன்னை நோகப்பண்ணியதாகச் சொன்னார்.

இந்த இடத்தில் நான் வாசிப்பதை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். இரண்டு பக்கமும் நல்ல மனிதர்கள். இரண்டு பக்கமும் ஒருவரை ஒருவர் மதித்தார்கள். ஆனால் ஒரு கேள்வி போய்ப் பதில் வர ஒரு மாதத்துக்கு மேல். கேட்பவரின் முகம் தெரியாது. "அப்படிச் சொல்லவில்லை, இப்படித்தான் சொன்னேன்" என்று உடனே திருத்த முடியாது. ராமானுஜன் எதையும் ஒளிக்கவில்லை. ஹார்டி "நிறுவல்" என்று எதைக் கேட்கிறார் என்பதுதான் அவருக்கு யாரும் பக்கத்தில் இருந்து காட்டித் தராத விசயம். அவர் பெரும்பாலும் ஒரு பழைய சூத்திரத் தொகுப்பைப் பார்த்துத் தானாகவே கற்றவர். அந்தப் புத்தகத்திலும் நிறுவல்கள் அரிது.

கடிதத்தால் அந்த முடிச்சு அவிழவில்லை. 1914 தொடக்கத்தில் நெவில் என்ற இளம் கேம்பிரிட்ஜ் ஆசிரியர் விரிவுரை செய்யச் சென்னைக்கு வந்தார். இருவரும் ஒன்றாக உட்கார்ந்து குறிப்பேடுகளைப் புரட்டினார்கள். இங்கிலாந்துக்கு வரமாட்டேன் என்று முன்பு மறுத்திருந்த ராமானுஜன் இப்போது சம்மதித்தார். மார்ச் 17இல் கப்பல் ஏறினார். ஒரு வருடத்துக் கடிதங்கள் அவரைக் கண்டுபிடித்தன. அவரைக் கப்பல் ஏற்றியது பக்கத்தில் வந்து உட்கார்ந்த ஒருவர். ராமானுஜனிடமும் நெவிலிடமும் வீடியோ அழைப்பு இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று என் மாணவன் ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி. குளிரும் சாப்பாட்டுப் பிரச்சினையும் அவர் உடம்பைக் கெடுத்திருக்காது என்று மட்டும் அவனுக்குச் சொன்னேன். அது சின்ன விசயம் இல்லை. 32 வயதில் இறந்துபோனார்.

இருபதாம் நூற்றாண்டின் மற்றப் பகுதியை வேகமாகக் கடந்து போகிறேன், ஏனென்றால் கருவிதான் மாறியது. 1969இல் பிரித்தானியாவில் திறந்த பல்கலைக்கழகம் உருவாகி, 1971 ஜனவரியில் முதல் மாணவர்களைச் சேர்த்தது. பிபிசியில் இரவு நேரத்தில் தாடி வைத்த பேராசிரியர்கள் கரும்பலகைக்கு முன்னால் நின்று பாடம் எடுத்தார்கள். அந்த ஒளிபரப்பு 2006 வரை இருந்தது. எல்லாரும் அந்தத் தாடியைத்தான் நினைவு வைத்திருக்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு மாணவருக்கும் கட்டுரையைத் திருத்தி எழுதிக் கொடுக்க ஒரு ஆசிரியரும், பல பாடங்களுக்குக் கோடை விடுமுறையில் ஒரு கிழமை நேரே சந்திக்கும் முகாமும் இருந்தன. தொலைக்காட்சி மட்டும் பட்டம் கொடுக்கவில்லை.

இதற்கு நேர் எதிரான ஒரு காலம் எங்கள் அம்மாமாருக்குத் தெரியும். 1990இல் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றது. பற்றரி தடை. மண்ணெண்ணெய் யானை விலை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சும் மண்ணெண்ணெயும் விட்டுத் திரி போட்ட விளக்கில் அம்மா ஏ.எல். படித்தார். றேடியோ கேட்கச் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைச் சுற்றி டைனமோவில் மின்சாரம் எடுத்தார்களாம். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது படிப்பும் கூடவே இடம்பெயர்ந்தது. மரத்துக்குக் கீழே வகுப்பு நடந்தது. வெளி உலகத்தோடு ஒரு தொடர்பும் இல்லை, ஆனால் ஆசிரியர் இரண்டு அடி தூரத்தில். "உங்களுக்கு எல்லா லைனும் இருக்கு, பக்கத்தில ஆள் இல்லை. எங்களுக்கு ஒரு லைனும் இல்லை, சுத்திவர ஆள்" என்று அம்மா ஒருமுறை சொன்னார். அந்தக் காலம் நல்ல காலம் என்று அவர் ஒருபோதும் சொன்னதில்லை. நானும் சொல்லமாட்டேன்.

அதே தொண்ணூறுகளில்தான், அங்கிருந்து சிதறி வந்தவர்களுக்கும் அவர்களின் பிள்ளைகளுக்கும் தமிழ் எப்படிப் போய்ச் சேரும் என்று வேறு சிலர் யோசித்துக்கொண்டிருந்தார்கள். "அவர்களின் பிள்ளைகள்" என்றால் நாங்கள்தான். 1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கியது. அதை முன்னின்று நடத்தியவர் மதுரையில் இருக்கவில்லை. சுவிற்சர்லாந்தின் லோசான் நகரில் இருந்த கு. கல்யாணசுந்தரம் என்ற வேதியியல் விஞ்ஞானி. பல நாடுகளில் இருந்த தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களை ஓய்வு நேரத்தில் தட்டச்சு செய்து, ஒருவர் தட்டியதை இன்னொருவர் பிழை பார்த்து, இலவசமாக வெளியிட்டார்கள். அப்போதைய பெரிய தலையிடி எழுத்துரு. ஒருவர் அனுப்பிய தமிழ் இன்னொருவர் கணினியில் கட்டம் கட்டமாகத் தெரியும். 1999 பெப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெற் 99 மாநாடு எழுத்துருக் குறியீட்டுக்கும் விசைப்பலகைக்கும் ஒரு பொது ஒழுங்கைக் கொண்டுவரப் பார்த்தது. உங்கள் போனில் தமிழ் 99 என்று ஒரு விசைப்பலகை இருந்தால் அதன் பெயர் அங்கிருந்து வந்ததுதான்.

அந்த மாநாட்டில் தமிழ்நாட்டு முதலமைச்சர் மு. கருணாநிதி ஓர் அறிவிப்பும் செய்தார்: உலகெங்கும் உள்ள தமிழர்களுக்காக இணையத்தில் ஒரு பல்கலைக்கழகம். 2001 பெப்ரவரியில் அது வந்தது. பெயர் தமிழ் இணையப் பல்கலைக்கழகம். அதன் பின்னால் இருந்தவர் வா. செ. குழந்தைசாமி. நீரியல் பொறியியலாளர், கவிஞர், இந்தியாவின் மிகப் பெரிய தொலைதூரப் பல்கலைக்கழகமான இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துக்குத் துணைவேந்தராக இருந்தவர். தபாலில் படிப்பிப்பது எப்படிச் சறுக்கும் என்பதை அவரைவிட நன்றாக அறிந்தவர்கள் குறைவு.

2001 என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள். யூரியூப் இல்லை. ஸ்மார்ட்போன் இல்லை. இணையத்துக்குப் போனால் வீட்டுத் தொலைபேசி வேலை செய்யாது, மொடம் கீச்சிடும். அந்த நிலையில் அ, ஆ எழுதும் முறையைத் திரையில் அசையும் படமாகக் காட்டி, சொல்லை ஒலியோடு கேட்க வைத்து, அடிப்படைச் சான்றிதழில் தொடங்கித் தமிழியலில் இளநிலைப் பட்டம் வரைக்கும் பாடத்திட்டம் போட்டார்கள். 2010இல் அது தமிழ் இணையக் கல்விக்கழகம் ஆனது. என் அக்கா சின்ன வயதில் எழுத்துப் படித்தது அதில்தான். எங்கள் வகுப்பில் இன்றைக்கும் அதன் பாடங்களை அச்சடித்துக் கொடுக்கிறோம்.

எனக்கு ஆச்சரியம் தந்த விசயம் வேறு. இணையத்திலேயே பிறந்த அந்தப் பல்கலைக்கழகமும் நாடு நாடாகத் "தொடர்பு மையங்கள்" வைத்தது. அதாவது ஏதோ ஒரு ஊரில், ஏதோ ஒரு தமிழ்ச் சங்கத்தில் அல்லது பள்ளியில், பெயர் பதியவும் சந்தேகம் கேட்கவும் சோதனை எழுதவும் ஒரு இடம், ஒரு ஆள். இணையத்தில் பல்கலைக்கழகம் கட்டியவர்களுக்கும் கடைசியில் ஒரு மண்டபம் தேவைப்பட்டிருக்கிறது.

2005இல் ஈழத்துப் பக்கத்தில் நூலகம் என்ற இணைய நூலகம் தொடங்கியது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்து 97,000 அளவு நூல்கள் போன கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதன் பிறகு ஒரு புத்தகம் ஒரே ஓர் இடத்தில் இருக்கக்கூடாது என்ற பயம் எங்கள் ஆட்களின் எலும்பில் ஏறிவிட்டது. இன்று ஃபாரஸ்ட் கேட்டில் கட்டிலில் படுத்துக்கொண்டு ஈழத்தின் பழைய பள்ளிப் புத்தகம் ஒன்றைப் புரட்டலாம். ஆகவே புத்தகத்தைப் பொறுத்தவரை தூரம் தோற்றுவிட்டது. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

படிப்பைப் பொறுத்தவரை? இதற்கு நான் கண்டுபிடித்த சிறந்த பதில் ஒரு தமிழ்க் கிராமத்தில் இருந்து வருகிறது. சுகதா மித்ரா என்ற பேராசிரியர் 1999இல் டெல்லியில் ஒரு சுவரில் ஓட்டை போட்டுக் கணினி வைத்து, சேரிப் பிள்ளைகள் தாமாகவே அதைப் பழகுவதைக் காட்டிப் பெயர் எடுத்தவர். அவருக்கு எதிராகப் பேசியவர்களும் உண்டு. பிள்ளைகள் பெரும்பாலும் கேம்தான் விளையாடினார்கள் என்றார்கள். பின்பு அவர் தன் எண்ணத்தைத் தானே சோதிக்க, முடியவே முடியாது என்று தோன்றும் ஒரு வேலையைத் தேர்ந்தெடுத்தார். புதுச்சேரியின் காரைக்கால் பக்கத்தில் களிக்குப்பம் என்ற கிராமம். தமிழ் பேசும் பிள்ளைகள். அவர்களுக்கு முன்னால் கணினியை வைத்து, உயிரணுக்களுக்குள் மரபுப் பொருள் எப்படிப் பிரதியாகிறது என்ற பாடத்தை ஆங்கிலத்தில் போட்டுவிட்டுப் போய்விட்டார். ஆசிரியர் இல்லை.

மாதங்கள் கழித்து வந்து சோதித்தால், ஒன்றுமே தெரியாமல் இருந்த பிள்ளைகள் 100க்கு 30 அளவு எடுத்தார்கள். நம்பமுடியாத விசயம்தான். ஆனால் 30 என்றால் எந்தப் பள்ளியிலும் தேறாது. அதன்பின் அவர் செய்ததுதான் முக்கியம். அந்த ஊரில் கணக்கு வேலை பார்த்த ஒரு இளம் பெண்ணிடம் உதவி கேட்டார். அந்தப் பெண்ணுக்கு உயிரியல் தெரியாது. பரவாயில்லை, பிள்ளைகளுக்குப் பின்னால் நின்று "அட, இது எப்படிச் செய்தாய்? அடுத்தது என்ன? எனக்கும் காட்டு" என்று கேட்டால் போதும் என்றார். அம்மம்மாமார் செய்கிற மாதிரி. இன்னும் கொஞ்ச மாதத்தில் மதிப்பெண் 50 அளவுக்கு ஏறியது. டெல்லியில் நல்ல தனியார் பள்ளியில் அந்தப் பாடம் படித்த பிள்ளைகளோடு ஒப்பிடக்கூடிய அளவு. 2010இல் அவரும் ரிது தங்வாலும் இதை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். ஒரு கிராமத்து ஆய்வை வைத்து உலகத்துக்கே விதி எழுத முடியாது. ஆனாலும் 30க்கும் 50க்கும் நடுவில் நிற்கும் அந்தப் பெண்ணை என்னால் மறக்க முடியவில்லை.

பிறகு 2020 வந்தது. மார்ச் 20 வெள்ளிக்கிழமை இங்கிலாந்துப் பள்ளிகள் மூடின. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கொரோனாவால் இறப்பு வீதம் மிகக் கூடிய இடம் எங்கள் நியூஹாம் என்று மே மாதம் தேசியப் புள்ளிவிபர அலுவலகம் சொன்னது. எங்கள் வீட்டில் மூன்று பேர் படித்தோம், ஒரு லப்டொப். தம்பிக்குக் காலை, எனக்கு மத்தியானம், அக்காவுக்கு இரவு. அமைதியான இடம் மாடிப்படி மட்டும்தான். அப்பா வேலைக்குப் போகும்போது என் தலைக்கு மேலால் தாண்டிப் போவார். சூம் தூரத்தை இல்லாமல் செய்தது உண்மை. வீட்டின் அளவை அது மாற்றவில்லை.

அதே நேரம் முல்லைத்தீவுப் பக்கம் என் மச்சாள் ஓ.எல். படித்துக்கொண்டிருந்தாள். 2020 டிசம்பரில் நடக்கவேண்டிய சோதனை 2021 மார்ச்சுக்குப் போனது. அவளுடைய பள்ளி ஆசிரியர்கள் வட்ஸ்அப்பில் கொப்பிப் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பினார்கள். அதைத் திறக்க ரீலோட் போட வேண்டும், சிக்னலுக்குக் கிணற்றடி தாண்டி ஒழுங்கைக்கு வர வேண்டும். இலங்கையின் போஹிதியாவ என்ற மலைக் கிராமத்துப் பிள்ளைகள் சிக்னலுக்காகக் காட்டுக்குள் பாறை ஏறியது உலகச் செய்தியாகவே வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில், எனக்குக் காலை எட்டரை, அவளுக்கு மத்தியானம் ஒரு மணி (குளிர்காலத்தில் இரண்டு மணி), நான் அவளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினேன். முதல் நாளே மானம் போனது. எனக்கு விடை தெரியும், தமிழில் சொல் தெரியாது. "அக்கா, அது செம்பக்கம்" என்று அவள்தான் திருத்தினாள். செங்கோண முக்கோணியின் நீண்ட பக்கம். யார் யாருக்குப் படிப்பித்தது என்று இன்றும் எங்கள் இருவருக்கும் சண்டை.

அந்த ஞாயிறுகள் ஏன் ஓடின என்று இப்போது விளங்குகிறது. இரண்டே பேர். அவள் கொப்பியைக் கமராவுக்கு முன்னால் பிடிப்பாள், நான் பிழையைக் காட்டுவேன். சிக்னல் போனால் அவள் அம்மா, என் மாமி, பக்கத்தில் இருந்து "விடாதை, செய் செய்" என்பார். மாமிக்குக் கேத்திரகணிதம் தெரியாது. களிக்குப்பத்துப் பெண்ணைப் போலத்தான். அதே மாதங்களில் எங்கள் தமிழ் வகுப்பு முப்பது பிள்ளைகளோடு ஒரே சூமில் நடந்தது. முப்பது கறுப்புச் சதுரங்கள். ழகரமும் ளகரமும் லகரமும் என் காதுப்பொறியில் ஒன்றாகவே கேட்டன. நான் திருத்தியது சரியா என்று எனக்கே தெரியாது.

தமிழ்நாட்டிலும் இதே பாடம் வேறு வழியில் வந்தது. அங்கே 2019 ஓகஸ்ட்டிலேயே கல்வித் தொலைக்காட்சி தொடங்கியிருந்தது. கொரோனாவில் பள்ளிகள் மூடியபோது கையில் தயாராக இருந்தது. அப்படியிருந்தும் 2021 ஒக்ரோபரில் அரசாங்கம் "இல்லம் தேடிக் கல்வி" என்று தொடங்கி, ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்களை, பெரும்பாலும் அதே தெருவில் இருக்கும் படித்த பெண்களை, மாலை நேரத்தில் பிள்ளைகளோடு உட்கார வைத்தது. தொலைக்காட்சியை நிறுத்தவில்லை. அதற்குப் பக்கத்தில் ஒரு ஆளை வைத்தார்கள்.

ஒரு விசயத்தை மட்டும் இன்னும் சொல்ல வேண்டும். 2020 ஐப்பசி, விசயதசமி. சித்தியின் மகனுக்கு மூன்று வயது, ஏடு தொடக்க வேண்டும். அந்த மாதம் 17ஆம் திகதி முதல் லண்டனில் ஒரு வீட்டார் இன்னொரு வீட்டுக்குள் போகக்கூடாது என்று சட்டம். ஈஸ்ட் ஹாமில் இருக்கும் அப்பப்பாதான் எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் ஏடு தொடக்கியவர், ஒன்றரை மைல் தூரம், வரமுடியாது. சூமில் வந்தார். வேட்டி உடுத்து, விபூதி பூசி, தட்டில் அரிசி பரப்பித் தன் பக்கத்தில் வைத்திருந்தார். சித்தியும் தட்டில் அரிசி பரப்பினார். அப்பப்பா திரையில் தன் விரலால் அ எழுதினார். குழந்தை திரையைத் தொடப் போனது. கடைசியில் சித்திதான் அவன் விரலைப் பிடித்து அரிசியில் எழுத வைத்தார், அப்பப்பா அங்கிருந்து "சுழி, சுழி, இப்ப கீழ இழு" என்று சொல்லச் சொல்ல. யாழ்ப்பாணத்தில் இருந்த அம்மம்மாவும் கனடாவில் இருந்த பெரியம்மாவும் ஒரே நேரத்தில் பார்த்தார்கள். மண்டபத்தில் வைத்திருந்தால் அவர்கள் இருவரும் அதைப் பார்த்திருக்கவே முடியாது.

ஆகவே கூட்டத்துக்கு நான் எழுதிக்கொண்டு போகப்போவது இதுதான். மண்டபத்தை விடக்கூடாது, ஆனால் ஒவ்வொரு கிழமையும் தேவையில்லை. ஒரு சனி விட்டு ஒரு சனி எடுத்தால் கூடிய வாடகையிலும் செலவு குறையும். எழுத்துப் பழகும் சின்னவர்களுக்கு அது போதாது. அவர்களுக்கு மற்றச் சனிகளில் யாராவது வீட்டு முன்னறையில் ஐந்து ஐந்து பேராக உட்கார வேண்டும், எங்கள் வீட்டு முன்னறை முதலாவது. பெரிய வகுப்புகளுக்கு மற்றச் சனிகளில் சூம், ஆனால் ஒரு அறைக்கு ஆறு பேருக்கு மேல் இல்லை. பாடம் எடுக்க யாழ்ப்பாணத்தில் ஓய்வுபெற்ற தமிழ் ரீச்சர் ஒருவர் சம்மதித்திருக்கிறார். அவருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும், சும்மா கேட்கக்கூடாது. ஒவ்வொரு சூம் அறையிலும் எங்களைப் போன்ற ஒருவர் கூட இருந்து, "எனக்கும் காட்டு" என்று கேட்க வேண்டும். தமிழ் திறமாகத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. உங்களில் பலருக்கு இதைவிட நல்ல காரணம் கிடையாது, வாருங்கள்.

மண்டபத்தில் வைக்க நல்ல ஒலிவாங்கி ஒன்று தேவை, ரீச்சருக்கு ழகரம் கேட்கவேண்டும். வீட்டில் யாரிடமாவது சும்மா கிடந்தால் சனிக்கிழமை பத்து மணிக்கு முதல் கொண்டுவந்து தாருங்கள். கதவு திறக்கும்வரை நான் வெளியில் நிற்பேன், திறப்பு இன்னும் பழைய ஆளிடம்தான்.